ஆன

மூன்று வயது முடிந்து நாலு மாதமாகியும்
மெரின் பேசவில்லை.
சோற்றுக்கும் பூனைக்கும்
ஒரே சத்தம் வைத்திருந்தாள்.

பந்தலூர் ஆஸ்பத்திரியில்
அவள் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர்
எங்கள் பக்கம் திரும்பினார்.
வீட்ல என்ன பாஷை?
நான் தமிழில் சொன்னேன், சிஜி மலையாளத்தில்.
அதான், என்றார்.
ஒண்ணை வையுங்க, ஒண்ணை விட்டுருங்க.
இரண்டு பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொல்வதுபோல.

அங்கன்வாடிப் பதிவேட்டில்
தாய்மொழி என்று ஒரு கட்டம்.
புஷ்பலதா டீச்சர் பேனாவை நீட்டினார்.
தாயோட மொழியா, என்று கேட்டேன்.
சீக்கிரம் எழுதுங்க சார், அடுப்புல முட்டை வேகுது.
தமிழ் என்று எழுதினேன்.
சிஜி பார்த்துக்கொண்டு நின்றாள்.
என் கையெழுத்து எப்போதுமே அழகில்லை.

அன்றிலிருந்து
என் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவள்போல
அவள் என் தமிழைப் பேசினாள்.
அடிக்கு அடி குதிகாலில் தட்டியது.
களிக்கலாம் வா என்று குழந்தையைக் கூப்பிட்டு
நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
எனக்குக் களி என்றால் கேழ்வரகு.
ஒரு டம்ளர் வெள்ளம் கேட்டாள் ஒருநாள்.
அது ஊரையே அடிச்சிட்டுப் போறதாச்சே, என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
தங்கச்சியோடு போன் பேச
ஒளிந்து பீடி பிடிப்பவனைப்போலக் கொல்லைக்குப் போனாள்.
மெரின் அவள் பின்னாலேயே போனாள்.

ஒரு ராத்திரி இருட்டில் சொன்னாள்:
ஞான் கரஞ்ஞு.
அழுதேன் என்று அர்த்தம். தெரியும் எனக்கு.
காதுதான் தமிழில் கேட்டுத் தொலைத்தது.
பக்கத்தில் படுத்தபடியே
ஒருத்தி கல்லுப்பாகக்
கரைந்துகொண்டிருந்தாள்.

ஆடி மழை. நாலு நாளாகக் கரண்ட் இல்லை.
சட்டையில் பச்சைத் தேயிலை வாசனையோடு
மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன்.
பின் ஜன்னலில் நின்ற மெரின் திரும்பி
அப்பா, ஆன, என்றாள்.

அப்பா என்று அவள் சொல்லி
அன்றுதான் முதலில் கேட்கிறேன்.
அதைக்கூடக் கவனிக்கவில்லை.
ஆனா!
பேசத் தொடங்கும்போதே மறுத்துப் பேசுகிறாள் என் மகள்.
மண்டியிட்டேன்.
ஆனா? ஆனா என்னம்மா? சொல்லு.
மிச்ச வாக்கியத்துக்காக
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆன.
ஆமாண்டா செல்லம், ஆனா?
ஆன!
இப்படியொரு மந்தமான தகப்பனா என்று பார்த்தாள்.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த சிஜி
என் தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.
அப்போதுதான் கேட்டது
சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில்,
வாழை முறியும் சத்தம்.
நனைந்த சாக்கின் வாடை.
ஒரு பெருமூச்சு, எங்கள் மூவருடையதும் அல்ல.

மிண்டல்லே மோளே, மிண்டல்லே.
கட்டிலுக்கடியில்
நானும் அதையே சொன்னேன், என் உச்சரிப்பில்.
ஒரு மாதமாகப் பேசு பேசு என்று நச்சரித்தவர்கள்
பேசாதே என்று கெஞ்சினோம்.
அவளோ என் காதுக்குள் ஓயாமல்
பெரிய ஆன, பெரிய ஆன.
பெரிய என்னுடையது.
ஆன அவள் அம்மாவுடையது.
ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை.

காலையில் வனத்துறைக்காரர் வந்து
விழுந்ததை எண்ணினார். பதினொன்று.
அவர் பின்னாலேயே போய்
ஒவ்வொன்றுக்கும் வாழ, வாழ என்றாள் மெரின்.
அது யார் வீட்டுச் சொல்லென்று நான் கேட்கவில்லை.

முற்றத்தில் ஒரு காலடி,
சோற்றுப்பானை அகலத்துக்கு, மழை நிறைந்து.
குனிந்து பார்த்து, வெள்ளம், என்றாள்.
தண்ணி என்று திருத்த வாயெடுத்தேன்.
உள்ளே ஒரு கட்டெறும்பு
கரை தேடி நீந்திக்கொண்டிருந்தது.
அதற்கு அது தமிழ்தான்.