நூறு ஃபில்ஸ்

முதலில் சத்தம் கேட்கவில்லை.
ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவுகள் ஐந்தும்
தாமாகத் திறந்து மூடின.
அப்புறம்தான் சத்தம்.

முர்காப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
பணம் அனுப்பும் கடை இருந்த இடத்தில்
மைதா மூட்டை பிரிந்தாற்போல் ஒரு வெண்மை.
சம்பளம் விழுந்த வியாழக்கிழமை,
வரிசை தெருமுனை வரைக்கும் நின்ற நேரம்.

வெண்மைக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள்.
ஓடவில்லை.
சொன்னால் அறையில் யாரும் நம்புவதில்லை.
லிஃப்டைவிட்டு இறங்குகிறவர்கள்போல்
ஒருவருக்கொருவர் வழிவிட்டு வந்தார்கள்.

ஒருவர் சட்டையை உதறினார்,
உதறினார்,
தூசியில்லை அது என்று
கைக்கு இன்னும் சேதி போயிருக்கவில்லை.
எகிப்துக்காரர் ஒருவர் டோக்கனை நீட்டி
எழுபத்து நான்கைக் கூப்பிட்டுவிட்டார்களா என்றார்,
அத்தனை மரியாதையான அரபியில்.
இன்னும் இல்லை என்றேன் நான்.

போலீஸ் வந்து சேரவில்லை.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
ஆனாலும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள்
ஒருவரைப் பார்த்து ஒருவர்
பத்தாக்காவை எடுத்து
நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள்,
புகைப்படம் தெரியும்படி
கட்டைவிரலால் துடைத்துவிட்டு.
கடைசியில் இருந்தவனிடம் அட்டை இல்லை.
வெறுங்கையை அதே உயரத்தில் பிடித்திருந்தான்.

மாடி சலூனிலிருந்து மாரிடெஸ்
துண்டுகள் எல்லாவற்றையும் அள்ளி வந்தாள்.
ஒவ்வொன்றையும் நான்காய் மடித்துத்தான் கொடுத்தாள்.
கட்டடக் காவலாளி தில்பகதூர்
விசிலை வாயில் வைத்துக்கொண்டு
வண்டியே இல்லாத சாலையில்
வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான்.
சலவைக்கடை செய்யது மீரான்
ஊருக்குப் போன் போட்டு
"நான் ரூம்லதான் இருக்கேன், சோறு வடிக்கிறேன்" என்றார்.
"யாரு கேட்டா இப்ப?" என்றது அந்தப் பக்கம்.
அவர் சிரித்தார்.
சிரிப்பை நிறுத்தத் தெரியாமல்
தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தண்ணீர்ப் பெட்டிகளை உடைத்தேன்.
நல்ல காரியமாக இதை எழுதிக்கொள்ள வேண்டாம்.
உடைக்க ஏதோ ஒன்று கைக்கு வேண்டியிருந்தது.
மொஸம்மல் வாசலில் நின்று
வருகிற கைகளில் எல்லாம் ஒவ்வொரு பாட்டிலாகத் திணித்தான்.

ஒரு பையன், இருபது வயது இருக்கும்,
ஒரு காதைப் பொத்திக்கொண்டு முழுப் பாட்டிலையும் குடித்தான்.
பிறகு கடைக்குள் வந்தான்.
பேன்ட் பையில் துழாவி, அடுத்த பையிலும் துழாவி
பாய்மரக் கப்பல் போட்ட காசு ஒன்றைக்
கல்லாமேல் வைத்தான்.
நூறு ஃபில்ஸ்.
விலை சரிதான்.

எடுத்துக்கொண்டேன்.
இழுப்பறையைத் திறந்து
நூறுகள் கிடக்கும் குழியில் போட்டு மூடினேன்.

இரவு கணக்கு முடித்தபோது
நூறு ஃபில்ஸ் கூடுதல்.
தண்ணீரைச் சேதம் என்று எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி,
விற்பனையில் சேர்க்க முடியாது.
பள்ளிவாசல் உண்டியலில் போடு என்றான் மொஸம்மல்.
சரி என்றேன். போடவில்லை.
எங்கே வைத்தேன் என்பதும்
இப்போது நினைவில்லை.
அந்தக் கல்லாவும் மாறிவிட்டது.

ஒன்று சொல்லாமல் விட்டேன்.
இழுப்பறையை மூடிய கையோடு,
தினமும் நானூறு தடவை கேட்கிற வாய்,
ரசீது வேண்டுமா என்று கேட்டது.

அவன் யோசித்தான்.
உண்மையிலேயே யோசித்தான்.
அப்புறம் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.
ஆட்டும்போது
வலித்திருக்க வேண்டும்.