கைப்பிடியில் எறும்பு

சனிக்கிழமை வெள்ளென அஞ்சு மணிக்கு
கல்லடிப் பாலத்து மின்கம்பத்தடியில் சந்திப்பு.
வெல்டிங் கடை அந்திராதோ ஒருநாளும் பிந்தியதில்லை.
தாதி கோகுலவாணி
இரவுக் கடமை முடித்த கண்ணோடு வருவாள்.
படுத்தால் வராத நித்திரை
மிதித்தால் வரும் என்பாள்.
நான் வருவது சீனி வருத்தத்துக்கு.
கிளினிக் கொப்பியில் எழுதித் தந்திருக்கிறார்கள்:
நாளுக்கு முக்கால் மணி நேரம்,
வியர்க்க வேண்டும்.

களுவாஞ்சிகுடியில் கிறுகி வந்தால்
ஐம்பது கிலோமீற்றர்.
கொப்பிக்கு அது தாராளம்.
எங்களுக்குத்தான் காணாது.

காத்தான்குடி ஈச்ச மரங்களுக்கிடையில்
இருட்டு முழுக்க வடிந்திராது.
சுபஹு தொழுது வந்தவர்கள்
வாங்கில் நெருங்கி இருந்து இடம் விடுவார்கள்.
"ரெண்டு கட்டை ஓடல்ல, அதுக்குள்ள கோப்பியா?"
ஒவ்வொரு சனியும் உதுமாலெவ்வை இதையே கேட்பார்,
கேட்டபடியே மூன்று கிளாஸ் கழுவுவார்.
முதல் மிடறு தொண்டையால் இறங்கும்போது
பள்ளிச் சுவரில் பூனையொன்று முதுகை வளைக்கும்.
எனக்குள்ளும் ஏதோ ஒன்று
அப்படித்தான் நிமிரும்.

போன மாதம் தாளங்குடாவில் ஒரு பொடியன்
எங்களை வெட்டிக்கொண்டு போனான்.
உடம்போடு ஒட்டிய சட்டை,
மணிக்கட்டில் அவன் இதயம் இலக்கமாய் ஓடியது.
செட்டிபாளையத்தில் நாங்கள் வாங்கில் இருக்க
எங்கேயோ போய்த் திரும்பியும் வந்துவிட்டான்.
"சராசரி முப்பது!" என்று கத்திக்கொண்டு
வடக்கே மறைந்தான்.
அந்திராதோ கிளாஸை உயர்த்தி மரியாதை செய்தான்.
எங்கள் சராசரியை யாரும் கேட்டதில்லை.
கணக்குப் பார்த்தால்
நின்ற நேரம் ஓடிய நேரத்தைத் தின்றுவிடும்.
நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

செட்டிபாளையத்துக் கடை தங்கேஸ்வரியுடையது.
கோப்பிக்கொட்டையை அவளே வறுப்பாள்,
சுக்கும் மல்லியும் கைக்கணக்கு.
வறுக்கிற நாளில் குருக்கள்மடம் தாண்டி
வாசம் எதிரே வந்து கூட்டிப்போகும்,
அல்லது அந்திராதோ அப்படிச் சொல்லுவான்.
அவள் கிளாஸில் சீனி போடமாட்டாள்.
உள்ளங்கையை நீட்டச் சொல்லி
ஒரு கரண்டி கொட்டுவாள்.
நாவால் ஒரு தொடுகை, கோப்பி ஒரு மிடறு;
கசப்பு முன்னே போக
இனிப்பு மறுகா வந்து பிடித்துக்கொள்ளும்.

எனக்கு அரைக் கரண்டிதான்.
நான் கை நீட்டும் நேரம் பார்த்து
கல்முனை பஸ் வருகிறதா என்று
றோட்டைப் பார்ப்பாள் கோகுலவாணி.
சைக்கிளில் வந்தவளுக்கு
எதுக்கு பஸ் என்று நானும் கேட்பதில்லை.

எட்டு மணிக்குக் கச்சான் எழும்பிவிடும்.
திரும்பும் வழியெல்லாம் இடது கன்னத்தில் அடுப்பு.
ஆரையம்பதியில் வறுத்த கச்சான் விற்கும் பிள்ளை
காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்.
ஒரே பெயர்தான் இரண்டுக்கும்;
ஒன்றை நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு
மற்றதை எதிர்த்து மிதிக்கிறோம்.
இடது உள்ளங்கை பிசுபிசுக்கிறது.
கைவிட்டாலும் சைக்கிள்
என்னை விடாது போலிருக்கிறது.

அன்று பின்னேரம்
விறாந்தையில் குந்தியிருந்தாள் நேசமலர்.
சுவரிலிருந்து இறங்கி
முன்சில்லில் ஏறி
கம்பிகளைச் சுற்றி
இடது கைப்பிடிவரை
எறும்புகள் ஒரே வரிசையாய் ஊர்வலம்.
அவள் விரலால் அந்த வழியை
மெல்ல மெல்லத் தொடர்ந்துபோனாள்.

"இதுகளுக்கும் கிளினிக் கொப்பி இரிக்கா?"

எனக்கு வந்த ஒரே நினைப்பு:
கொப்பியில் கொம்பைச் சுழித்தால் கோப்பி.
வாய் திறந்து சொல்லவில்லை.
கடைசி எறும்பு வரை ஊதித் தள்ளிவிட்டு
அவளும் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சனி நாலரைக்கு
சைக்கிளைத் தள்ளி வெளியே எடுத்தேன்.
இடது கைப்பிடியில்
துவாய்த் துண்டொன்று
நனைத்துப் பிழிந்து கட்டியிருந்தது.

தாளங்குடா தாண்டும்வரை
அது காயவில்லை.