இடது பக்கம் ஒளிந்துகொள்ளும்

கல்யாணமாகி எத்தனை வருஷம்?
ஒன்பது என்றபோது ஒரு டாக்டர்,
ஒன்பதரை என்றபோது வேறொருவர்.
கேள்வி மட்டும் மாற்றலாகிப் போகாமல்
அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

சின்னப்பாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை
உப்புக்காற்றுக்குப் பயந்து
துண்டில் சுற்றிக் கொண்டுபோவேன் ஃபைலை.
சபூரா டாக்டர் இருந்தவரை
அதைத் திறக்கிற வேலையே இல்லை.
"வா நம்புத்தாய், பாசி எப்படி?"
கஞ்சிப் பாசி என்ன விலை
மரிக்கொழுந்து என்ன விலை
எல்லாம் தெரியும் அவருக்கு.
ஊசி நாளும் நீரோட்ட நாளும் இடித்தால்
காலண்டரை என் பக்கம் திருப்பி வைப்பார்.

முதல் ஸ்கேனில் மூச்சைப் பிடித்திருந்தேன்,
பாறைக்கடியில் பிடிக்கிற மாதிரி.
"விடு," என்றார்.
"இது கடல் இல்லை."
இரண்டாம் தடவையும் நிற்காமல் போனபோது
ஒன்றும் சொல்லவில்லை.
பார் கிழித்த என் விரல்களுக்கு
மருந்து போட்டுக்கொண்டிருந்தார்
வெகுநேரம்.
அது அவர் வேலையே இல்லை.

பங்குனியில் மதுரைக்குப் போய்விட்டார்.
பெயர்ப்பலகை இருந்த இடத்தில்
நான்கு ஆணி ஓட்டை.

அடுத்து வந்தவர்
"பேரிலேயே தாய் இருக்கே" என்று சிரித்தார்.
நல்ல மனசோடுதான்.
அவர் எழுதிய ஊசியை
நான் வாங்கவில்லை.
அதற்கடுத்தவருக்கு
இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

"எல்லாரும் படிச்சவங்கதானே,"
என்றார் வீட்டுக்காரர்.
கம்ப்ரசர் போட்டுச் சங்கு குளிக்கிறவர்.
குழாய் பிடிக்கிற ஆளை
மாசத்துக்கு ஒருத்தனாய் மாற்றினால்
முங்குவீங்களா என்று கேட்டேன்.
அன்று ராத்திரி
குழம்பு நன்றாயிருந்தது என்று கூடச் சொல்லவில்லை.

இன்று நான்காவது ஆள்.
எப்சிபா என்று பெயராம். சின்ன வயசு.
ஃபைலைப் படிக்கிறாள்
முதல் தாளிலிருந்து.
வெளியே டோக்கன் பதினேழு
இரண்டு தரம் கதவைத் தட்டியாயிற்று.
ஒரு தாளில் நிற்கிறாள்.
ஆங்கிலக் கிறுக்கலுக்கு நடுவே
ஓரமாக, பென்சிலில், தமிழில் -
இத்தனை நாள் சுமந்தும் நான் பார்க்காதது:

'இடது பக்கம் ஒளிந்துகொள்ளும்.
மூச்சடக்குவாள்.
காத்திருக்கவும்.'

கருவியை வைத்துவிட்டு
எப்சிபா காத்திருந்தாள்.
மின்விசிறி சுற்றியது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
நான் மூச்சு விட்டபோது
திரையில் ஏதோ அசைந்து முன்னால் வந்தது.
அளந்தாள், எழுதினாள்.
நல்லதா கெட்டதா,
இன்னும் நாலு நாள் போக வேண்டுமாம்.

வருஷக் கணக்கை அவள் கேட்கவேயில்லை.
துண்டை மடித்துக்கொண்டே
நானாகத்தான் சொன்னேன்,
பத்து.