பிழைப் பேச்சு

அந்த நோட்டு களஞ்சியத்திடம் இருந்தது.
ஐந்தாம் வகுப்புக்கு அவன்தான் லீடர்.
அட்டையில் 'பிழைப் பேச்சு' என்று
சாரே எழுதிக் கொடுத்திருந்தார்,
சிவப்பு மையில், கீழே கோடும் போட்டு.

கதிரை: ஐந்து பைசா.
கொப்பி: ஐந்து பைசா.
விளங்கேல்லை என்றால் பத்து.
அதில் இரண்டு பிழையாம்,
விளங்காதது ஒன்று, அதைச் சொன்ன விதம் ஒன்று.

காசுக்கு எங்கே போக?
மண்டபம் முகாமில் ஏழாம் வரிசை,
ஓர் அறைக்குள் பதினொரு பேர்.
காசில்லாதவர்கள் உச்சியில்
உடைமரத்தடியில் நிற்க வேண்டும்.
உடைமர நிழல் சல்லடை மாதிரி;
வெயிலைத் தடுக்காது,
சலித்து அனுப்பும்.

அதிகம் நின்றது அண்ணன்.
என்னைவிட ஒரு வயது மூப்பு,
இருவரையும் ஐந்தில்தான் போட்டார்கள்.
அன்ரன் என்று சொன்னோம்.
ஆண்டனி என்று பதிந்தார்கள்.
ஆண்டனி எழுந்திரு என்றால்
அவன் யாரையோ தேடுவான்.

'ஓம்' மட்டும் அவன் நாக்கை விட்டுப் போகவில்லை.
பசிக்குதா, ஓம். அடி வலிக்குதா, ஓம்.
வகுப்பே கையைத் தூக்கி
மணியாட்டிச் சிரிக்கும், ஓம், ஓம் என்று.
பேசாலை மாதா கோயில் பிள்ளைகள் நாங்கள்.
அந்தச் சிரிப்பு எதற்கென்று பிடிபடவே
ஒரு மாதம் ஆனது.
சாரும் சிரிப்பார். கெட்டவர் இல்லை.
இரண்டு முறை சிலேட்டு வாங்கித் தந்தவர்.
"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.
இங்க பொழைக்கணும்ல?"

அது தமிழ்ப் பாடவேளை
என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நான் சீக்கிரம் கற்றேன்.
ஆறில் அந்த நோட்டில் என் பெயர் இல்லை.
ஏழில், புதிதாய்ப் படகில் வந்த பிள்ளைகளின் சொற்களை
நானே களஞ்சியத்திடம் சொல்லிக் கொடுத்தேன்.
அன்ரனுடையதையும்.

பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல்.
பாம்பனில் மீன் பேரம் பேசினால்,
ராமநாதபுரம் பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்டால்
ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
அப்படி ஒரு நாக்கு.
ஆனால் கணக்கெடுக்கும் நாளில் விசில் ஊதும்.
அட்டையோடு வரிசையில் நிற்பேன்.
"சிலோன்தானே?"
"ஆமா சார்."
"பேச்சுல தெரியலையே" என்று
போட்டோவை இன்னொரு தரம் பார்ப்பார்கள்.
இரண்டு பக்கமும் என்மேல் சந்தேகம் வர
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினேன்.

அன்ரன் ஒன்பதோடு நின்றான். பெயிண்ட் வேலை.
இப்போதும் போனை எடுத்தால்
அந்தப் பக்கம் முதலில் பேசட்டும் என்று
மூச்சை மட்டும் வைத்துக்கொண்டிருப்பான்.

போன மாதம் களஞ்சியத்தைப் பார்த்தேன்,
நண்டுக் கம்பெனி வாசலில், தராசுக்குப் பக்கத்தில்.
கையில் நோட்டு. எடை எழுதுகிறான்.
"எந்த ஊருக்கா?" என்றான்.
"இங்கதான்" என்றேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

மகன் சாருஜன் இங்கே பிறந்தவன், பதினாறு வயது.
"நம்ம ஊர்ப் பேச்சு பேசிக் காட்டும்மா,
ரெக்கார்டு பண்ணணும்" என்று போனை நீட்டினான்.
வாயைத் திறந்தேன்.
ஓம் என்றேன்.
இருந்து கதைப்பம் என்றேன்.
வந்தது என் குரல் இல்லை.
ஐந்தாம் வகுப்புப் பையன்கள்
எங்களைப் போலப் பேசிக் காட்டும் குரல்,
அதே இழுப்பு, முடிவில் அதே நெளிப்பு.

"செம" என்று சிரித்தான். "இன்னொரு தடவ."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு
அழிச்சிரவா என்று கேட்டான்.
தலையை ஆட்டினேன்.
சரியென்றா, வேண்டாமென்றா,
அவனுக்கு விளங்கேல்லை.