மண்ணீரல்

பத்தொன்பது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், துரை.
என் கணக்கில் இருபது.
எழுத்து தெரியாதவன் நான்.
கடப்பாரைப் பிடியில் கீறிய கோடுகள்
பொய் சொல்வதில்லை.

தாது வருஷத்துப் பஞ்சம்
சேலத்தையும் அவினாசியையும் எலும்பாக்கி
மலைமேல் அனுப்பியது.
நடுவட்டத்தில் கொயினா நட ஆள் வேண்டும்,
காய்ச்சலுக்கு அந்தப் பட்டைதான் மருந்து என்றார்கள்.
பட்டை உரித்தவர்கள் காய்ச்சலில் செத்தார்கள்.
பட்டை கப்பலேறிப் போனது.

முதல் ஆள் சீனக் கைதி.
கடல் கடந்து சங்கிலியோடு வந்தவன்.
பெயர் கேட்டதற்கு ஜெயிலர் ஒரு நம்பரைச் சொன்னார்.
தை மாதம். புல்லின்மேல் உறைபனி
நொறுங்க நொறுங்க நடந்தேன்.
மேல்மண் ஒரு சாண் கல்லாய் இருந்தது,
அதற்குக் கீழே கதகதப்பு.
ஏன் கதகதப்பு என்று அன்று யோசிக்கவில்லை.
ஓர் உடலுக்கு ஆறணா.

எட்டு நாளாகியும் அழுகாத முகம்.
இந்த மலை எதையும் சீக்கிரம் கைவிடாது.

நீங்கள் தேடியது நெஞ்சும் இல்லை, மூளையும் இல்லை.
இடது விலாவின் கீழ் ஒளிந்திருக்கும்
ஒரு கருஞ்சிவப்புக் கட்டி.
காய்ச்சல் அதைத்தான் ஊத வைக்கிறது என்றீர்கள்.
தமிழில் என்ன பெயர் என்றீர்கள்.
டிரஸ்ஸர் அருளப்பன் சொன்னார்: மண்ணீரல்.
மண்ணுக்கும் ஈரலுக்கும் என்ன உறவு என்று சிரித்தீர்கள்.
பெயர் வைத்தவன்
என்னைப் போல் குழி வெட்டுகிறவனாகத்தான் இருப்பான்.

ஜாடி ஜாடியாய்ச் சாராயத்தில் மிதந்தன.
குப்பாயியுடையது ஐந்து ராத்தல்.
உயிரோடிருந்தபோது அவள் வயிற்றைப் பார்த்து
எத்தனையாவது மாதம் என்று கேலி செய்திருக்கிறோம்.
சாராயம் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைந்தது.
ஆவியாகிறது என்று எழுதினீர்கள்.
அருளப்பன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மீதியைத் திருப்பிப் புதைத்து
மேலே நாற்று வைக்கச் சொன்னீர்கள், தடம் தெரியாமல்.
நான்காவது வரிசை.
அதற்குப் பிறகுதான், கடப்பாரை இறங்கும்போதெல்லாம்
மண் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.
காதை வைத்தேன்.
பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன.
என் பற்கள் இல்லை.

ஆடிக் காற்றில் உங்களுக்கும் குளிர் வந்தது.
ஏழு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது.
நம் தோட்டத்துப் பட்டையையே இடித்துக் குடித்தீர்கள்,
நான்காவது வரிசைப் பட்டை.
குடித்ததும் உங்கள் வாயிலிருந்து வந்த பேச்சு
இங்கிலீஷ் இல்லை. தமிழும் இல்லை.
அருளப்பன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
அதே நேரம் ஜெயிலில்
சீனர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து
பதில் சொன்னார்களாம்.

உங்களுக்குக் கல் வைத்தார்கள். சிலுவை, ரோஜாச் செடி.
மூன்றாம் ராத்திரி வந்தேன்.
இந்த முறை யாரும் காசு தரவில்லை.
உங்கள் தராசிலேயே வைத்துப் பார்த்தேன்,
இரண்டரை ராத்தல்.
ஏமாற்றமாய்த்தான் இருக்கும் உங்களுக்கு.
ஜாடிகளையும் அதே குழியில் கவிழ்த்தேன்.
எது யாருடையது என்று மண்ணே பிரித்துக்கொள்ளட்டும்.

இப்போதெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால்
விலாவுக்குள் ஒன்று தரையைத் தேடி நகர்கிறது.
அது கிடக்கட்டும்.

ஊட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
நான்காவது வரிசைப் பட்டையில் கசப்பு இரட்டிப்பாம்.
மற்றத் தோட்டங்களுக்கும் அதையே போட வேண்டுமாம்.
என்ன உரம் என்று கேட்கிறார்கள்.
அருளப்பன் பேனாவை மைக்கூட்டில் தொட்டபடி
என் முகத்தைப் பார்க்கிறார்.