அளவுத்தடியில் ஏறாத நிலா

ஆறு மணிக்கு நாற்பத்தொன்று.
ஏழு மணிக்கு நாற்பத்தாறு.
கொட்டியாரக் குடா மூச்சு இழுப்பதைப்
பென்சிலால் எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இந்தத் துறைமுகத்தில் நிலவு தூக்குவது
ஒரு முழம் தண்ணீர்,
அதுவும் பறுவத்தில்.
அதற்கே எத்தனை பாட்டு.

முந்தாநாள் றேடியோவில் சொன்னார்கள்,
சனியைச் சுற்றி இன்னுமொன்று இருக்கிறதாம்.
பேர் இல்லை. ஒரு வருசம், ஓர் எழுத்து, ஓர் இலக்கம்;
நீதிமன்றத்தில் கிடக்கும் கோவை மாதிரி.
பஸ் நிலையத்திலிருந்து உவர்மலைக்கு
நடந்துபோய்த் திரும்புகிற தூரம்தான் அதன் உடம்பு முழுக்க.
உருண்டையும் இல்லை.
உருண்டையாவதற்குக் கனம் வேண்டுமாம்,
தன்னைத் தானே அமுக்கிப் பிசைய.
கரிக்கட்டி நிறம்.
ஒரு சுற்றுக்கு மூன்று வருசம்,
மற்றவை போகிற திசைக்கு எதிராக.

அங்கே பிறந்ததில்லை அது.
எங்கேயோ போய்க்கொண்டிருந்ததைச்
சனி பிடித்துக்கொண்டது.
எங்களைப் பிடித்தால் ஏழரை வருசத்தில் விட்டுவிடும்,
எள்ளெண்ணெய் எரித்தால் கொஞ்சம் இரங்கவும் கூடும்.
அதைப் பிடித்தது
விடவேயில்லை.

மர்சூக்கிடம் சொன்னேன்.
வள்ளத்தில் தண்ணீர்ப் பீப்பா ஏற்றிக்கொண்டிருந்தான்,
நாலு பீப்பா, ஒரு மூட்டை அரிசி, வெங்காயம்,
'செலின்டா'வுக்கு.
"அதால அங்க வத்துப்பெருக்கு வருமா மிஸ்?"
வராது.
"அப்ப அதுக்கு அங்க என்ன வேல?"
கயிற்றை அவிழ்த்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

செலின்டா வந்து பதினாலு மாசம்.
முதலாளி எந்த நாட்டுக்காரன் என்பதில்
கொழும்பில் இன்னும் வழக்கு நடக்கிறது.
இரண்டு பேர்தான் மிச்சம், ஓர் இஞ்சினியர்,
தெய்ன் என்று ஒரு மியன்மாச் சமையல்காரன்.
சுமை இல்லாத கப்பல், தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.
சீமெந்துக் கப்பல், மாக் கப்பல் எல்லாம்
நீரோட்டம் சொன்னபடி மூக்கைத் திருப்ப,
இது மட்டும் காற்றின் பேச்சைக் கேட்டு
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.
புதிதாய் வருகிற பைலட்மார் திட்டுவார்கள்.

எட்டு மணிக்கு ஐம்பத்தொன்று.
மர்சூக்கின் வள்ளம் திரும்பி வருகையில்
தடியில் அலை ஏறும், மூன்று விரல்.
அது கணக்கில்லை. அடங்கும்வரை பொறுத்து எழுத வேண்டும்.
பொறுத்தேன்.

ஒரு படத்திலும் அது விழவில்லையாம், அந்த நிலா.
இரவிரவாய் எடுத்த படங்களை
அது நகர்ந்திருக்கும் என்று நினைத்த அளவுக்கு
ஒவ்வொன்றாய் நகர்த்தி,
ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துப் பார்த்தபோது
வெளிச்சமான நட்சத்திரங்களெல்லாம் கோடாக இழுபட,
இது மட்டும்
புள்ளியாய் நின்றதாம்.

நானும் வைத்துப் பார்க்கிறேன்.
பதினாலு மாசத்து இரவுகள்,
என் முறை வந்தவை மட்டும்,
செலின்டா ஆடுகிற ஆட்டத்துக்கு நகர்த்தி நகர்த்தி.
வந்துபோன கப்பல்களின் விளக்குகள் கோடாகின்றன,
சீனக்குடாவில் இறங்குகிற விமானம் ஒரு கோடு,
மூதூரிலிருந்து கடைசியாய் வருகிற படகு ஒரு கோடு.
பின்தளத்தில், கைப்பிடிக் கம்பிக்குக் கிட்ட,
ஒரு சுருட்டு நுனி.

ஒன்பது மணிக்கு ஐம்பத்து நாலு.
குறிப்பு என்ற பத்தியில்
காற்று, மழை, அலை தவிர வேறெதையும் எழுதக் கூடாது.
பென்சிலின் முனை கொஞ்சநேரம்
அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.
எடுத்துப் பார்த்தால்,
கடுகளவில் ஒரு புள்ளி.

அழிக்கவில்லை.
பத்து மணிக்கு இன்னும் எழுத வேண்டும்.