புள்ளி நான்கு

ஆகஸ்டிலேயே எங்களுக்குத் தீபாவளி வந்துவிடும்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் மாடி அறையில்
முறுக்கு வேகும் வாசம் தலைக்கேறாமல் இருக்க
ஜன்னலைச் சாத்திவிட்டு
ஆள்கணக்குப் போடுகிறேன்.

அக்டோபருக்கு நூற்றுப்பத்து டன்.
ஒரு ஷிப்டில் ஒருவர் எத்தனை பாக்கெட் கட்டுவார்,
எத்தனை பேர் காய்ச்சல் என்பார்கள்,
எத்தனை பேர் முதல் சம்பளத்தோடு
போனை அணைத்துவிட்டுப் போவார்கள்,
அத்தனையையும் விழுங்கிவிட்டு
எக்செல் ஓர் எண்ணைத் துப்பியது:
முப்பத்தேழு புள்ளி நான்கு.

முப்பத்தேழு பேரைத் தணிகாசலம் கொண்டுவருவார்.
வேன் அவருடையது. தங்கும் ஷெட்டும் அவருடையது.
ஆதார் நகல்கள் பிதுங்கும் ஜவுளிக்கடைப் பை
எப்போதும் மடியில்.
"நம்ம பக்கத்துப் பசங்க எல்லாம்
செல்போன் கம்பெனிக்குப் போயிட்டாங்க மேடம்.
அங்க ஏசி. இங்க எண்ணெய்ச் சட்டி.
இந்தத் தடவ ஜார்க்கண்ட்.
பேச்சே இல்ல, வேலதான்" என்றார்,
பேச்சில்லாதது ஒரு தகுதி போல.

சரி, அந்தப் புள்ளி நான்கு?

மேலே முழுதாக்கினால் பட்ஜெட் கத்தும்.
கீழே முழுதாக்கினால் சூப்பர்வைசர் கத்துவார்.
எட்டு மணி நேரத்தில் புள்ளி நான்கு என்பது
மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
வேறு வேலை இல்லாமல் இல்லை.

மறுநாள் கேட்டில் நேர்காணல்.
நகம் பார்த்தோம். இருமச் சொன்னோம்.
மூக்குத்தியைக் கழற்ற முடியுமா என்று கேட்டோம்;
மாவில் விழுந்தால் மெட்டல் டிடெக்டர் அலறும்,
ஒரு பேட்ச் முழுக்கக் குப்பைக்கு.
வரிசையில் பதினோராவதாக நின்றவர் பாக்கியசீலி.
பாடியிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"காலைல நாலு வீட்டுல சமையல்.
சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போண்டாக் கடை.
ரெண்டு மணிக்குக் கடைக்கு மாவு ஆட்டணும்.
நடுவுல பத்துலேருந்து ஒன்னேகால் வரைக்கும்
சும்மாதாங்க இருக்கேன்."

சும்மா.

பத்திலிருந்து ஒன்றேகால்.
மூன்று மணி பதினைந்து நிமிடம்.
என் கணக்குக்கு மூன்று நிமிடம் கூடுதல்.
எக்செல் கேட்ட ஆள்
செருப்பில் தூசியோடு எதிரே நிற்கிறார்.

மென்பொருளைத் திறந்தேன்.
பணி வகை: நிரந்தரம். ஒப்பந்தம். பயிற்சி.
அம்புக்குறியைத் தட்டத் தட்ட
மூன்றே இறங்கி வந்தன.
நான்காவது ஒன்றைக் கேட்டு
தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்.
"அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்."
அடுத்த நிதியாண்டில் புனேயிலிருந்து
பாக்கெட் கட்டும் மெஷின் வருகிறது.
அதற்கான குழி இப்போதே வெட்டியாகிவிட்டது,
மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள்.

பாக்கியசீலியிடம் போன் பண்ணுகிறோம் என்றேன்.
அந்த வாக்கியத்தின் அர்த்தம்
அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.
மூக்குத்தியைத் திருகிப் போட்டுக்கொண்டே போனார்.

ஏட்டில் முப்பத்தேழு என்று பதிந்தேன்.

அக்டோபர் வந்தது. நூற்றுப்பத்து டன்னும் போனது.
ஒரு பெட்டி குறையவில்லை.
மேலிடத்திலிருந்து கட்டைவிரல் படம் வந்தது.
எப்படிப் போனது என்று எனக்கே புரியவில்லை,
ஒருநாள் சாயங்காலம் கீழே இறங்கும்வரை.

நாலு மணி சைரன்
நாலு ஐந்துக்கு ஊதியது.
நாலேகாலுக்குத் திரும்பும் சைரன் மட்டும்
நாலேகாலுக்கே ஊதியது.

நூற்றுத்தொண்ணூற்றிரண்டு நிமிடத்தை
முப்பத்தேழால் வகுத்தால்
ஐந்து. சில்லறை கொஞ்சம்.
சூப்பர்வைசர் எக்செல் படித்தவர் இல்லை.
அவருக்கு வகுத்தல் கையோடு வந்திருக்கிறது.

கைகழுவும் தொட்டியின் விளிம்பில்
பாதி டீயோடு வரிசையாக டம்ளர்கள்.
ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.
பழக்கதோஷம், எண்ணினேன்.
முப்பத்தாறில் டீ இருந்தது.
ஒன்று மட்டும் காலி.

கொதிக்கக் கொதிக்க அதைக் குடித்து முடித்தவர் யார்?
தலைவலை, முகக்கவசம், நீல உறை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எல்லாரும் ஒருவர் போலவே இருந்தார்கள்.